ஆளணியில் ஒரு பெயர்

எந்த வலயம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வலயத்தின் பெயரைச் சொன்னால் நாளைக் காலையிலேயே அதற்கென்று ஒரு ஃபைல் திறந்து, கதை சொன்னவனிடமே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பிவிடுவார்கள். மலையகத்துக் கல்வி வலயங்களில் ஒன்று, அவ்வளவு போதும்.

நாலு கோட்டம், நூற்று முப்பது பாடசாலை, மூவாயிரத்துச் சொச்சம் ஆசிரியர்கள். இத்தனை பேரும் வலயக் காரியாலயத்தின் மாடியில் ஒரு கணினிக்குள் இருந்தார்கள். அந்தக் கணினிக்கு முன்னால் எட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவன் யோகேஸ்வரன்.

எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலுக்கு ஆளணி என்று பெயர். வலயம் ஓடுவதே அதை வைத்துத்தான். ஆசிரியர் வேண்டுமென்று அதிபர் கோட்டத்துக்கு எழுதுவார். கோட்டம் அதை வலயத்துக்கு அனுப்பும், வலயம் மாகாணத்துக்கு அனுப்பும். மாகாணம் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆளணியில் வெற்றிடம் உண்டா?" உண்டென்றால் என்றைக்காவது ஆள் வரும். இல்லையென்றால் தலைகீழாக நின்றாலும் வராது.

சும்மா சொல்லக்கூடாது, யோகேஸ்வரன் வேலையில் கெட்டிக்காரன். மாகாணம் காலையில் ஒரு விபரம் கேட்டால் பத்து மணித் தேநீருக்கு முன்னால் அனுப்பிவிடுவான். பணிப்பாளர் முத்துலிங்கம் அவனைத் தன் வலது கை என்று கூட்டங்களில் வாய்விட்டே சொல்லுவார்.

ஆனால் அவன் காரியாலயத்து ஆளே இல்லை. அவன் கணித ஆசிரியன். உடப்புசல்லாவைக்கு மேலே ஹெதர்டன் தோட்டம் என்று ஒன்று. அதன் மேற்பிரிவுப் பாடசாலைக்குத்தான் அவனுக்கு நியமனம். ஏழு மாதம் படிப்பித்தான். அந்தக் குளிர் கைக்குழந்தைக்கு ஆகவில்லை, மூச்சு வாங்கி இழைப்பு வந்தது. டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆறு மாதத்துக்கென்று வலயத்தோடு தற்காலிகமாக இணைத்தார்கள். ஆறு மாதம் எட்டு வருடமாயிற்று. அந்தக் குழந்தை இன்றைக்கு டவுன் பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சளைக்காமல் நாலு சுற்று ஓடுகிறான். இழைப்பு போய்விட்டது, இணைப்பு போகவில்லை.

இணைப்பு என்றால் என்ன தெரியுமா? ஆள் டவுனில் இருப்பார், பெயர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கும். ஆகவே ஆளணியில் அந்தப் பாடசாலைக்கு நேரே இப்படி இருந்தது: கணிதம், தேவை ஒன்று, இருப்பது ஒன்று, வெற்றிடம் இல்லை. அந்த 'இருப்பது ஒன்று' யோகேஸ்வரன்தான்.

மேற்பிரிவு அதிபர் நாகலெட்சுமி தவணைக்கு ஒரு கடிதம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார், கணித ஆசிரியர் வேண்டுமென்று. பதில் தயாரித்தவனும் அவனே. "எமது பதிவுகளின்படி தங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர் கடமையில் உள்ளார். தங்கள் கோரிக்கையை நிறைவேற்ற இயலாமைக்கு வருந்துகிறோம்." வருந்தினானா? எங்கே வருந்தினான்! வலயத்தில் இப்படி அறுபத்தொரு பேர் இருக்கிறார்கள், நான் ஒருத்தன்தானா என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த ஃபைலை எடுப்பான்.

அந்த வருடம் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்தது. மாகாணம் சீறியது. கணிதத்தில் ஒருவர்கூடச் சித்தியடையாத பாடசாலைகளின் கணித ஆசிரியர்களிடம் பதினான்கு நாளுக்குள் விளக்கம் கோரும்படி கட்டளை. யோகேஸ்வரன் பட்டியலை எடுத்தான், கடிதத்தை ஒருமுறை தட்டினான், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொண்டது. பதினொரு கடிதங்கள் வந்து விழுந்தன. அவற்றை உறையில் போட்டுக்கொண்டிருந்த லிகிதர் பஸ்மிலா திடீரென்று சிரித்துவிட்டாள்.

"அட, சேர்! இங்க பாருங்களேன். உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு."

ஹெதர்டன் மேற்பிரிவு. தோற்றியவர் பதினான்கு, சித்தி பூச்சியம். கணித ஆசிரியர் திரு. சு. யோகேஸ்வரன். அவனும் சிரித்தான். வேறென்ன செய்வது? கடிதத்தை எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனான். முத்துலிங்கம் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு விசயமா யோகேஸ்? கிழிச்சிப் போடுங்க. 'விளக்கம் கிடைத்தது'ன்னு ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிபோச்சி," என்றார்.

கிழித்திருப்பான். சத்தியமாகக் கிழித்திருப்பான். அன்றைக்குப் பின்னேரம் ராக்காயி என்ற பெண் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

கையில் மடித்த பிளாஸ்டிக் பையோடு கதவடியில் நின்றாள். யாரோ மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பைக்குள்ளிருந்து மகளின் பெறுபேற்றுத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பெயர் வினோதா. தமிழ் ஏ, வரலாறு ஏ, விஞ்ஞானம் பீ. அப்படியே நல்லதாக இறங்கி வந்த விரல் கணிதத்தில் நின்றது. டபிள்யூ, சித்தியில்லை.

"கணக்கு பாஸ் பண்ணாம டவுன் பள்ளிக்கூடத்துல ஏ.எல். சேர்க்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க சேர். திரும்ப எழுதலாமாம். எழுதட்டும். ஆனா சொல்லிக் குடுக்க ஆள் இல்லையே. கொழும்புத் துணிக்கடைக்கு ஆள் எடுக்க ஒருத்தர் லயத்துப் பக்கம் வந்து போயிக்கிட்டு இருக்காரு. இந்த வருசம் ஒரு வருசம் பார்ப்போம்னு புருசன்கிட்டச் சண்டை போட்டு புள்ளைய நிறுத்தி வச்சிருக்கேன். எங்க மேற்பிரிவுக்கு கணக்கு வாத்தியார் எப்ப சேர் வருவாரு?"

எட்டு வருடப் பழக்கம் பாருங்கள், வாய் தானாகவே திறந்துகொண்டது. "பதிவுல உங்க பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தர் இருக்காரும்மா."

ராக்காயி கோபப்படவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. அவள் முகம் மலர்ந்தது.

"அப்படியா சேர்? இருக்காரா? யாருங்க அது? பேர் என்னாங்க?"

பஸ்மிலா தலையைக் குனிந்துகொண்டாள். "விசாரிச்சுச் சொல்றேம்மா," என்றான் யோகேஸ்வரன். விசாரித்துச் சொல்கிறானாம்! அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். வேலையை விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி வந்தவள்.

அவனும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன்தான். தலவாக்கலைப் பக்கம். அப்பா விடியும் முன்பே, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய்க் குளிரில் நிற்பார். காய்ச்சலோடும் நிற்பார். பெரட்டில் வந்து நிற்காதவனுக்கு அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளமும் இல்லை; வேலை வாங்கும் கண்டாக்கையாவின் மச்சானாக இருந்தாலும் விழாது. அப்படி நின்ற மனிதனின் மகன் எட்டு வருடமாக நிற்காத இடத்தில் பெயரை விட்டுவைத்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு அவமானமாக இருந்தது. பெரிய அவமானமாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவளும் டவுனில் ஆசிரியைதான்.

"எட்டு வருசம் கழிச்சித்தான் ஞானம் வந்துச்சா?" என்றாள். பிறகு சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு வந்து, "மகனை நான் பார்த்துக்கிறேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்துருங்க," என்றாள்.

போகிறேன் என்று சொன்னால் முத்துலிங்கம் விடமாட்டார், அது அவனுக்குத் தெரியும். வலது கையை யார்தான் வெட்டிக் கொடுப்பார்? ஆனால் இந்தக் காரியாலயம் எப்படி ஓடுகிறது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? இணைப்புகளை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் பட்டியலைத் தயாரிப்பவன் அவன். பட்டியலில் பெயர் இல்லாதவர் திங்கட்கிழமை தன் சொந்தப் பாடசாலையில் இருந்தாக வேண்டும், அதுதான் சட்டம். அந்த வெள்ளிக்கிழமை அறுபத்தொரு பெயர் அறுபதானது. பணிப்பாளர் தேநீரைக் குடித்துக்கொண்டே, பெயர்களைப் பார்க்காமலே, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். என்றைக்குப் பார்த்திருக்கிறார், இன்றைக்குப் பார்க்க!

விளக்கக் கடிதத்தை அன்றிரவு கையாலேயே எழுதினான். "பெறுபேறு பூச்சியமானதற்குக் காரணம், மேற்படி பாடசாலையில் எட்டு வருடங்களாகக் கணித ஆசிரியர் இல்லை. அந்த ஆசிரியர் நான்." ஆசிரியர் எழுதும் எந்தக் கடிதமும் அதிபர் ஊடாகத்தான் பணிப்பாளருக்குப் போக வேண்டும். அதனால் கடிதம் முதலில் மலையேறியாக வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து உடப்புசல்லாவையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் தோட்டத்துப் பாதையில் குலுங்கிக் குலுங்கி, பாடசாலை வாசலில் கால் வைத்தபோது மணி ஒன்பது நாற்பது. பிள்ளைகளில் பாதிப்பேர் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் ஒரு பெண் மட்டும் தூணோடு சாய்ந்து பழைய வினாத்தாள் புத்தகத்தில் ஏதோ செய்வதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"ஏம்மா, வகுப்பு இல்லையா?" என்று கேட்டான்.

அவள் சட்டென்று எழுந்து நின்றாள். "இது யோகேஸ்வரன் பாடம் சேர்."

"என்னது?"

"யோகேஸ்வரன் பாடம் சேர். டைம்டேபிள்ல அப்படித்தான் போட்டிருக்கு. அந்தப் பாடத்துக்கு யாரும் வரமாட்டாங்க. வெளையாடலாம், இல்லாட்டி சும்மா இருக்கலாம்."

"யோகேஸ்வரன்னா யாரு?"

அவள் யோசித்தாள். "ஆளெல்லாம் இல்ல சேர். பாடத்துக்குப் பேரு," என்றாள்.

அவன் அவள் பெயரைக் கேட்டான். வினோதா என்றாள். திரும்ப எழுதுவதற்காக அதிபர் தன்னைப் பதினோராம் தர வகுப்பில் உட்கார விட்டிருப்பதாகவும் சொன்னாள்.

அதிபர் நாகலெட்சுமி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அலுமாரியைத் திறந்து ஆசிரியர் வரவு இடாப்பை எடுத்து மேசையில் வைத்தார். வரிசையில் மூன்றாவது பெயர் யோகேஸ்வரன். அதற்கு நேரே கட்டங்களைக் கடந்து சிவப்பு மையில் 'இணைப்பு' என்று நீளமாக எழுதியிருந்தது. முந்திய மாதத்தைப் புரட்டினார், அதிலும் அப்படியே. அதற்கு முந்தியதிலும்.

"நான் வந்து நாலு வருசம் சேர். மாசாமாசம் என் கையாலதான் உங்க பேரை எழுதுறேன்," என்றார். "முதல்ல எல்லாம் கோவம் வரும். பிறகு அதுவும் வரல்ல."

"இணைப்பு முடிஞ்சிருச்சி டீச்சர். பட்டியல்ல பேர் இல்ல. இன்னைக்குக் கடமைக்கு வந்திருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பணிப்பாளருக்குத் தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அது தெரியும். போட்டது அவருக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

அவன் இடாப்பைப் பார்த்தான். நாகலெட்சுமிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே போனது. "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கும் போடணும் சேர். நாளன்னைக்கும் போடணும். புள்ளைகளுக்கு ஆசை காட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே போயிருங்க. ஆள் இல்லாம இருக்கிறது பழகிருச்சி எங்களுக்கு."

ஏழரைக்கு இடாப்பில் சிவப்புக் கோடு போடுவது எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உள்ள வழக்கம். பிந்தி வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்திட வேண்டும். யோகேஸ்வரன் பேனாவை எடுத்து, கோட்டுக்குக் கீழே பெயரை எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போட்டான். 9.55. எட்டு வருடமும் ஒன்பது ஐம்பத்தைந்துக்குள் அடங்கிவிடுமா என்ன?

மணி அடித்தது. "பதினோராம் தரம். ரெட்டைப் பாடம். இதுவும் உங்களோடதுதான்," என்றார் அதிபர்.

வகுப்புக்குள் அவன் நுழைந்ததும் இருபத்து மூன்று பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். யாரோ வலயத்திலிருந்து பார்வையிட வந்திருக்கிறார் என்ற நினைப்பில் சட்டையை எல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"இப்ப என்ன பாடம்?"

"யோகேஸ்வரன் பாடம் சேர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

"நான்தான் யோகேஸ்வரன்."

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு ஓயும்வரை நின்றான். வினோதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவா சேர்?"

"நெசந்தாம்மா."

"அப்ப இத்தனை வருசமா எங்க சேர் இருந்தீங்க?"

அந்தக் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. தெரியாததைக் கேட்கும் பிள்ளையின் கேள்வி அது. விளக்கக் கடிதத்தில் எழுதிய வசனம் ஒன்று அவனிடம் இருந்தது. இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

"ஆபீசுல இருந்தேம்மா," என்றான். "வந்திருக்கணும். வரல்ல. என் மேலதான் பிழை."

அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பினான். கீழ்ச்சட்டத்தில் கையை ஓட்டிப் பார்த்தான், வெண்கட்டி ஒரு துண்டுகூட இல்லை. அந்தப் பாடத்துக்கு யாரும் வெண்கட்டி எடுத்து வைப்பதில்லை.

"இருங்க சேர், நான் எடுத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, வினோதா அதிபரின் காரியாலயத்தைப் பார்த்து ஓடினாள்.