திட்டுக்கு ஓர் அங்குலம்

நகராட்சித் தலைவரைப் பதவி விலகச் சொல்லி நானூறு பேர் கூடி நின்று திட்டிய செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மாதமாகக் காய்ந்து கிடந்த மேல்நிலைத் தொட்டியில் ஒன்பது அடி தண்ணீர் ஏறியது. பம்பு ஓடவில்லை, மழையும் இல்லை. தொட்டிக் குழாயை ஆற்றோடு இணைக்கிற வேலையே இன்னும் முடிந்திருக்கவில்லை. அது முடியாததால்தான் அன்றைக்கு அத்தனை திட்டும். தொட்டிக்காரர் ஏணியில் ஏறிப் பார்த்தார், இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் பார்த்தார். பிறகு அளவை நோட்டில் குறித்துக்கொண்டு ஊருக்குத் திறந்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கொடிகளை அப்படியே போட்டுவிட்டு வாளி எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள்.

அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்த தங்கள் மருந்துக்கடையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் தலைவரின் அக்கா. ஊருக்குத்தான் அவர் தலைவர், அவளுக்கு அவன் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. தாயில்லாப் பிள்ளையாயிற்றே என்று நாற்பத்து மூன்று வருஷமாக ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மருத்துவர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவனைத் தேர்தலில் நிற்கச் சொன்னதும் அவள்தான். நாலு பேருக்கு நல்லது செய்யட்டும் என்று நினைத்தாள். ஒரே வருஷத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர் என்று மேடையில் வாய் விட்டது மட்டும் அவனாகச் செய்தது. ஒப்பந்தக்காரர் தவறான தெருவைத் தோண்டினார், குழாய்களைத் திறந்தால் காற்றுதான் வந்தது, ஊர் அவனுக்குக் காத்துக்குழாய் என்று பெயர் வைத்தது. மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள் அவள் முகத்துக்கு நேராகவே அவனைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்து உறையில் போட்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்று மட்டும் சொல்வாள்.

"போதும்டா தம்பி, எழுதிக் குடுத்துட்டு வந்துடு" என்று அன்று மாலையே அவள் சொன்னாள். அவன் விலகல் கடிதத்தை ஏற்கெனவே எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். மறுநாள் காலை அதைக் கொடுக்கப் போனபோது, முந்தின நாள் திட்டிய அதே ஆட்கள், எதிர்க்கட்சித் தலைவரை முன்னால் நிறுத்திக்கொண்டு, அலுவலக வாசலை மறித்து நின்றார்கள். "நீங்க போயிட்டா நாங்க யாரைத் திட்டுறது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றார் எதிர்க்கட்சித் தலைவர். விடிந்ததிலிருந்து துணைத்தலைவரையும் பொறியாளரையும் மந்திரியையும் முறைப்படி திட்டிப் பார்த்துவிட்டார்களாம், தொட்டியில் ஒரு சொட்டு ஏறவில்லையாம். தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் வந்து மூன்று நாள் கருவி வைத்து அளந்தார். நான்காம் நாள், விடுதியில் குளிக்க வெந்நீர் இல்லையென்று தலைவரை அவரே மனம் விட்டுத் திட்ட, சரியாக ஓர் அங்குலம் ஏறியது. 'நேரில் கண்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்படியானால் ஒன்பது அடி ஏற்றிய கணக்குப்படி, செவ்வாய்க்கிழமை வந்த நானூறு பேரில் நூற்றெட்டுப் பேர்தான் உண்மையாகத் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று தொட்டிக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். அதில் சில குடும்பங்களில் மனஸ்தாபம் வந்தது.

அப்புறம் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. திங்கட்கிழமை ஒன்றாவது வார்டு, செவ்வாய்க்கிழமை இரண்டாவது என்று அட்டவணை ஒட்டினார்கள். தலைவர் மாடி முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டிலிருந்து ஒன்பதரை வரை திட்டு வாங்கினார். வேண்டுமென்றே உரக்கக் கத்தியவர்களால் ஒரு பயனும் இல்லை, தொட்டிக்கு நிஜமும் நடிப்பும் தெரிந்திருந்தது. தலைவர் ஒருவரையும் முறைக்கவில்லை. திட்டில் நியாயம் இருந்தால் தாளில் குறித்துக்கொண்டார், தெருவிளக்கு என்றால் மறுநாள் எரிந்தது, சாக்கடை என்றால் வாரத்துக்குள் அள்ளப்பட்டது. தொண்டை கட்டிப்போனவர்களுக்கு எதிர்க்கடையிலிருந்து சப்பிச் சாப்பிடும் மாத்திரை வாங்கிக் கீழே அனுப்பினார். அக்கா அதை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் கண் கலங்குவாள். ஊரெல்லாம் திட்டுகிற மனிதன் இப்படி இருப்பானா என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஊரே அப்படி நினைக்கத் தொடங்கியதில்தான் வினை வந்தது.

இந்த ஏற்பாட்டின் மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் நாலாவது வார்டு முழுக்க வந்து நின்று முக்கால் அங்குலம்தான் ஏற்றியது. ஆளாளுக்கு வாயைத் திறந்து, "என்னத்தச் சொல்ல, நல்லா இருங்க" என்று போய்விட்டார்கள். ஊர் நன்மையைக் கருதித் தலைவர் தொல்லை கொடுக்கத் தொடங்கினார். பேருந்து நிறுத்தத்தை நிழலிலிருந்து முப்பது அடி தள்ளி வெயிலில் வைத்தார். பூங்காக் கதவைப் பிற்பகலில் பூட்டினார். ஒரு மாதம் தண்ணீர் தாராளமாக வந்தது. அதற்குப் பிறகு, வெயிலில் நின்றவர்களே வியர்வையைத் துடைத்தபடி, பாவம், நமக்காகத்தானே இப்படிக் கெட்ட பெயர் வாங்குகிறார் என்று உருகிப்போனார்கள். தொட்டி காய்ந்தது. ஊராரின் வெறுப்பை முற்றிலும் இழந்துவிட்ட காரணத்தால் தலைவர் உடனே பதவி விலக வேண்டும் என்று எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. வேறொருவர் வந்தாலாவது திட்ட முடியுமா என்று பார்க்கலாம் அல்லவா.

தலைவர் மாட்டேன் என்றார். பதவிக்காலம் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, சட்டப்படி யாரும் அசைக்க முடியாது என்றார். அவருக்குப் புதுச் சட்டைகள் வந்திருந்தன. தெருவில் கைகுலுக்க வருகிறவர்களுக்காக நடையை மெதுவாக்கியிருந்தார். சிரித்தபடி எடுத்த படமொன்றை மருந்துக்கடையில் இருமல் மருந்துகளுக்கு மேலே அவரே ஆணியடித்து மாட்டினார். அக்கா கீழே உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டித் தள்ளினாள்.

ஒரு வியாழக்கிழமை, கைக்குழந்தையோடு வந்த பெண்ணொருத்தி மாத்திரையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "முழுங்க ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டாள். கடையில் இல்லை, பக்கத்துக் கடையிலும் இல்லை. அவள் மாத்திரையை வறட்டு வாயோடு விழுங்கி, விக்கி, கண்ணில் நீர் வர நின்றாள். குழந்தைக்கான மாத்திரையை மடித்துக் கொடுக்கத் தாள் தேடிய அக்காவின் கையில், தம்பி கடையில் மறந்துவிட்டுப் போன காகிதம் ஒன்று அகப்பட்டது. அடுத்த பாராட்டு விழாவில் பேசுவதற்கு அவன் எழுதிய நன்றியுரை அது. திருப்பினாள். பின்பக்கத்தில் பழைய விலகல் கடிதம் இருந்தது.

அறுபதைத் தாண்டிய வயதில் அவள் அந்தச் சாலையைக் கடந்த வேகத்தில் ஒரு லாரி நின்று வழிவிட்டது. தம்பி தன் அறையில் புகைப்படக்காரருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் காகிதத்தை மேசையில் அடித்தாள்.

"டேய்! வெட்கமா இல்ல உனக்கு? ஊரே திட்டினப்போ போறேன் போறேன்னு நின்னே, பிடிச்சு வச்சாங்க, இருந்தே. அது ஊருக்காக. இப்போ தண்ணி இல்லாம ஒருத்தி விக்கிட்டு நிக்கிறா, நீ பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கியே, இது யாருக்காகடா? உன்னைத் திட்டாம வளர்த்தேன் பாரு, அது என் தப்பு!"

அவனுக்கு உதடு நடுங்கியது, ஒன்பது வயதில் நடுங்கிய மாதிரியே. வெளியே முதலில் ஒரு முனகல் கேட்டது, பிறகு கொட்டுகிற சத்தம். தொட்டி விளிம்பு வரை நிறைந்து, வழிந்து, பக்கத்திலிருந்த பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நின்றவர்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைத்தது. அவர்கள் கைதட்டினார்கள். நோட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் தொட்டிக்காரர் 'நிறைவு' என்று மட்டும் எழுதினார்.

"எழுதிக் குடுத்துடறேன்க்கா" என்றான் தம்பி. காகிதத்தைத் திருப்பி, பழைய தேதியை அடித்துப் புதுத் தேதி போட்டான். வேறெதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை.

அடுத்துத் தலைவரானவர் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். நல்ல மாதிரி, அவரைத் திட்டினால் ஒன்றும் ஏறுவதில்லை, யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. பேருந்து நிறுத்தத்தை நிழலுக்குக் கொண்டுவந்தார். குழாயை ஆற்றோடு இணைக்கிற வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அவசரமில்லை. தம்பி பழையபடி கடையில் கோழிக்கிறுக்கல்களைப் படிக்கிறான், படத்தை அவனே கழற்றிவிட்டான். தண்ணீர் இரண்டடிக்குக் கீழே போனால் தொட்டிக்காரர் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்து இரண்டு தடவை இருமுவார். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பான். "அன்னைக்கு மழையில சைக்கிளைத் தொலைச்சுட்டு, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு பொய் சொன்னியே" என்று அவள் ஆரம்பிப்பாள். திட்டத் திட்ட அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். ஒன்பது வயதிலிருந்து சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள் வரிசையாகத்தான் எடுக்கிறாள். நாலு வருஷம் ஆகிறது, இப்போதுதான் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.