ஆமை கழற்றி வைத்த ஓடு

அயனம்பாக்கம் ஏரியை அடுத்த தெருவில் இருந்த ஆனந்தனின் வீட்டுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகள் வந்தார்கள். மூவரும் அவருடைய மகள் நிஷாவோடு எட்டாம் வகுப்பில் படித்தவர்கள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் நிஷா இறந்துபோனாள். காரியம் முடிந்து, உறவினர்களும் அவரவர் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. ஆனந்தன் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வந்து நின்ற பிறகும் கதவைப் பார்ப்பது போலவேதான் அவர்களையும் பார்த்தார்.

அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டுபவர். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், கடைந்த இரும்பின் சுருள் ஒன்று கொதிக்கக் கொதிக்கத் தெறித்து அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற இராமகிருஷ்ணன்தான் ஓடிவந்து தட்டிவிட்டார்.

"இன்னா ஆனந்தா, தோலு பொசுங்குற நாத்தம் எனக்கு வருது. உனக்கு வரலயா?"

ஆனந்தன் கொப்புளத்தைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையிலோ எழும்புவது போலிருந்தது. மறுநாள் முதல் அவரை இயந்திரத்தின் பக்கம் விடாமல், அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் வேலையில் அமர்த்தினார்கள்.

அவர் மனைவி ராணி தையல் கம்பெனிக்குப் போய்வருகிறவள். அவள் சமைக்கும்போது அழுதாள். துணி மடிக்கும்போது அழுதாள். "உன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. இன்னா மனுசன்யா நீ?" என்று கேட்டுவிட்டு அதற்காகவும் அழுதாள். அழுவது என்பது அவளுக்குத் தெரிந்த ஒரு வேலை, தனக்கு யாரும் கற்றுத் தராத வேலை என்று ஆனந்தனுக்குத் தோன்றியது.

"அங்கிள், ஆமை வேணும்" என்றான் வந்தவர்களில் ஒருவனான சந்தோஷ்.

"டேய், உடனே ஆரமிக்காத" என்று திவ்யா அவனை அதட்டிவிட்டு, தான் பொறுமையாகச் சொன்னாள். "கதைக் கூடத்துக்கு நிஷா செஞ்சது அங்கிள். பச்சை சாக்ஸ்ல. வர்ற வெள்ளிக்கிழமை எங்க குரூப்பு."

அவர்களுடைய பள்ளியில், வெள்ளிக்கிழமைகளில் மதிய உணவுக்கு முந்தைய இரண்டு பாடவேளைகளுக்குக் கதைக் கூடம் என்று பெயர். மாணவர்கள் தாங்களே ஒரு கதையைக் கட்டி, வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள்களில் பொம்மைகள் செய்து, மதிலை ஒட்டி இருக்கும் அங்கன்வாடியில் நடத்திக் காட்டுவார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளில் பலருக்கும் அம்மாவும் அப்பாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். அழுது அழுது ஓய்ந்துபோகும் அந்தக் குழந்தைகள், பெரிய பிள்ளைகள் வரும் நாளில் மட்டும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தன.

இந்த வேலையில் மாணவர்கள் ஒரு விதியைத் தாங்களாகவே வகுத்துக்கொண்டிருந்தார்கள். கதையைக் கட்டியவர் அதன் முடிவைத் தன் குழுவுக்குக்கூட முன்னதாகச் சொல்லக் கூடாது. முடிவு தெரிந்தவன் முகத்தில் அது முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிறு குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. சில வாரங்கள் தோற்ற பிறகு அவர்கள் கண்டறிந்த உண்மை இது. அதனால் நிஷாவின் கதை அவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

ஏரியில் வாழ்ந்த ஓர் ஆமை, ஒருநாள் தன் ஓட்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது. திரும்பி வந்தபோது ஓட்டைக் காணோம். ஆமை கொக்கிடம் கேட்டது. நண்டிடம் கேட்டது. எருமையிடம் கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. அதற்கு மேல் நிஷா சொல்லவில்லை.

"உங்ககிட்ட சொன்னாளா அங்கிள்? ஓடு எங்க போச்சுன்னு?" என்று மூன்றாமவனான ரோஹித் மெல்லக் கேட்டான்.

"சொல்லல" என்றார் ஆனந்தன். பிறகு எழுந்து உள்ளே போனார்.

அலமாரிக்கு அடியில் இருந்த காலணிப் பெட்டியில் ஆமை இருந்தது. ஓட்டுக்காகக் கொட்டாங்குச்சியைத் தேய்க்க, பட்டறையிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். கழற்றி மாட்டுவதற்காக ராணி தன் தையல் பெட்டியிலிருந்து பிரஸ் பட்டன்கள் கொடுத்திருந்தாள். ஆனந்தன் ஓட்டைப் பிடித்து இழுத்தார். டக்கென்று கழன்று வந்தது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்தார். ஏன் வைத்தோம் என்று யோசிக்கவும் இல்லை. காலுறையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஓடு?"

"ஓட்டைக் காணல."

"கதையிலயும் காணல, நெசத்துலயும் காணலயா!" என்றான் சந்தோஷ். திவ்யா அவனை முறைத்த முறைப்பில் அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

சாவு நடந்த வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனை வாரங்களாக அந்த வீட்டுக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஆனந்தன் ஏதோ கேட்கத் திரும்பும்போது, எதிர் நாற்காலி காலியாக இருக்கும். திவ்யாவும் ரோஹித்தும் அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியபடியே சத்தமில்லாமல் வாசலில் இறங்கினார்கள். சந்தோஷ் மட்டும் திரும்பி நின்று, பள்ளியில் சொல்வது போல உரக்கச் சொன்னான்.

"போய்ட்டு வரோம் அங்கிள்! வெள்ளிக்கெழம கத முடிஞ்சதும் ஆமையக் கொண்டாந்து குடுத்துடறோம்."

திவ்யா கிள்ளிய கிள்ளில் அவன் "ஆ" என்றான்.

"லூசு, இந்த ஊட்டுல அப்டி சொல்லக் கூடாதுடா" என்றான் ரோஹித்.

"பின்ன எப்டிடா சொல்றது? திருப்பிக் குடுக்க வரணும் இல்ல?"

ஆனந்தனின் வாய், பழக்கத்தால் தானாகத் திறந்தது. "சரி, வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வேலையிலிருந்து திரும்பி, கைகால் கழுவி, வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை.

"யாரப் பாத்துகினு கீற?" என்று ராணி கேட்டாள்.

"பசங்க வரேன்னாங்க."

"வரேன்னு சொல்லிட்டா போனாங்க? இந்த ஊட்டுலயா?"

"ஆமா."

ராணி சமையலறைக்குப் போனாள். சனிக்கிழமையும் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் வேளையில், ஆனந்தன் சட்டென்று எழுந்து நின்றார்.

"வரேன்னா வரணும். சொல்லிட்டு வராம இருக்கறது இன்னா பழக்கம்? அவ பொருளு அது. அவங்க பாட்டுக்கு வெச்சிக்கினா இன்னா அர்த்தம்?"

குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். மடித்துக்கொண்டிருந்த துணியை ராணி அப்படியே மடியில் போட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்து" என்றாள். "இன்னும் கொஞ்சம் கத்து."

அவரால் முடியவில்லை. எழுந்த வேகத்திலேயே கோபம் அடங்கிப்போய், அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறையில் அனுமதி கேட்டுக்கொண்டு நேரே அங்கன்வாடிக்கு நடந்தார். சாப்பாட்டுப் பைக்குள், டிபன் டப்பாவுக்கு அருகில், கொட்டாங்குச்சி ஓடு இருந்தது. ஆமையை வாங்கி அங்கேயே ஓட்டை மாட்டி, முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

அங்கன்வாடிப் பணியாளர் வரலட்சுமி அவரை அடையாளம் கண்டு சற்றுத் திகைத்தார். "வாங்கண்ணா. உள்ள வந்து உக்காருங்க. ஆரமிச்சிட்டாங்க" என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

மேசையைச் சாய்த்து, அதன் மேல் ஒரு பழைய புடவையை விரித்திருந்தார்கள். திவ்யாவின் எருமையும் சந்தோஷின் கொக்கும் புடவைக்கு மேலே தலைநீட்டின. ரோஹித்தின் கையில் ஆமை இருந்தது. ஓடு இல்லாத அதன் முதுகு மெலிந்து, வெறும் காலுறையாகத் தெரிந்தது.

"என் ஓட்டைப் பார்த்தீங்களா? என் ஓட்டை யாராவது பார்த்தீங்களா?"

அது நிஷா எழுதிய வரி. வீட்டில் அவள் பலமுறை சொல்லிப் பார்த்ததுதான். இப்போது வலிக்கும் என்று ஆனந்தன் காத்திருந்தார். வலிக்கவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது.

"ஆட்டோல போச்சு!" என்று ஒரு குழந்தை கத்தியது.

"ஏரில வுழுந்துச்சு!"

"எங்க அண்ணன் ஒட்ச்சிட்டான்!"

"போன வாரமும் உங்க அண்ணன்தான் ஒட்ச்சான்" என்றது கொக்கு. "பாவம்மா, அவன வுட்டுடு."

அப்போதுதான் திவ்யா புடவைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எருமை ஒரு கணம் தொங்கிப்போனது. அவள் ஏதோ முணுமுணுக்க, சந்தோஷ் கொக்கைக் கையிலேயே மாட்டிக்கொண்டு முக்காலியிடம் ஓடிவந்தான்.

"சாரி அங்கிள். கொண்டாரணும்னுதான் இருந்தோம். இதுங்க வுடல. ஓடு கெடைக்காம கத முடியக் கூடாதுன்னு ஒரே அழுவ. இன்னிக்கு எப்டியாச்சும் முடிச்சிடறோம்."

ஆனந்தன் தலையசைத்தார். பை அவர் மடியில் இருந்தது.

பிள்ளைகள் அதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த தன்ஷிகா என்ற சிறுமியிடம், திவ்யா முன்பே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். அதைக் கவிழ்த்து ஆமையின் முதுகில் வைத்தாள். கிண்ணம் பெரிது, ஆமையின் தலை வரை மூடிக்கொண்டது. குழந்தைகள் சிரித்தன.

"கெடச்சிடுச்சு!" என்று ரோஹித் கிண்ணத்துக்குள்ளிருந்து ஆமையின் குரலில் கூவினான். "என் ஓடு கெடச்சிடுச்சு!"

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வரலட்சுமி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவிட்டார். தன்ஷிகா எழுந்து மேசைக்கு வந்து கையை நீட்டினாள்.

"என் கிண்ணம்."

"கொஞ்சம் இரு பாப்பா. ஆமைக்கு ஓடு வேணும் இல்ல?"

"என் முட்டைய எதுல வெப்பாங்க?"

திவ்யா கிண்ணத்தின் மேலிருந்து கையை எடுத்தாள். தன்ஷிகா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆமை மறுபடியும் வெறும் முதுகோடு நின்றது. ஒரு குழந்தையின் உதடு பிதுங்கத் தொடங்கியது. பக்கத்துக் குழந்தை அதைப் பார்த்துத் தானும் அழ ஆயத்தமானது.

ஆனந்தன் எழுந்தார். மேசையருகே போய், பையைத் திறந்து, ஓட்டை எடுத்தார்.

"அங்கிள், காணலன்னு..." என்று ஆரம்பித்த சந்தோஷின் காலைத் திவ்யா மிதித்தாள்.

ரோஹித் ஆமையை அவர் பக்கம் நீட்டினான். பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்று ஆனந்தனின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. டக், டக் என்று ஓடு பொருந்தியது. ஆமை சரியான அளவில், நிஷா செய்த உருவத்தில் நின்றது. குழந்தைகள் அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன.

தன்ஷிகா முட்டையைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தாள். "எங்க இருந்துச்சு?" என்று அவரைக் கேட்டாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முடிவு தெரியாத மூன்று முகங்கள் மேசைக்குப் பின்னால் இருந்தன.

"என்கிட்டதான்" என்றார் ஆனந்தன்.

"ஏன்?"

"தெரியல பாப்பா."

தன்ஷிகா முட்டையை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினாள். அந்த விடை அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலும்.

"மறுபடி, மொதல்லேந்து" என்றாள்.

"சாப்ட்டு முடிங்கடி மொதல்ல" என்று வரலட்சுமி அதட்டினார். யாரும் கேட்கவில்லை. "மொதல்லேந்து, மொதல்லேந்து" என்று அறை முழுவதும் கத்தியது.

ரோஹித் தயங்கி ஆனந்தனைப் பார்த்தான். கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டுமானால், ஆமை குளிக்கப் போக வேண்டும். குளிக்கப் போக வேண்டுமானால், ஓட்டைக் கழற்ற வேண்டும். அவன் கை அசையவில்லை.

தன்ஷிகாவின் கை அசைந்தது. அவள் ஓட்டைப் பற்றி இழுத்தாள். டக்கென்று கழன்று வந்ததில் அவளுக்கே வியப்பு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைப் பாவாடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள். அவள் விரல்களில் இருந்த முட்டையின் மஞ்சள் கொட்டாங்குச்சியில் ஒட்டியிருக்கும். ஒருவேளை அவளுடைய எடையில் பட்டன் நெளிந்தும் போகலாம். முக்காலிக்குத் திரும்பி உட்கார்ந்திருந்த ஆனந்தனுக்கு அது தெரிந்தது. எழுந்து வாங்கிவிட வேண்டும் என்று அவர் கை முழங்காலிலிருந்து சற்றே உயர்ந்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

மேசையின் மறுபுறம் ஆமை குளித்து முடித்துக் கரையேறியது.

தன்ஷிகா அவரைப் பார்த்து, சொல்லாதே என்று ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.