நாற்பத்தேழாம் எண்காரி

என் வீட்டுக்காரர் எல்மருக்கு இன்னொருத்தி இருக்கிறாள். தலையில் கொம்பு, காதில் மஞ்சள் வில்லை, அதில் நாற்பத்தேழு என்ற எண். கரிபூ மான்தானே என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சக்களத்திக்கு எத்தனை கால் இருந்தால் என்ன?

மரம் வெட்ட மலைக்குள் சாலை போட்டார்கள். அதே சாலையில் ஓநாய்களும் ஏறி வந்தன. கரிபூ மந்தை குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பதினாறு தலைதான் மிச்சம். கரிபூ இறைச்சியின் ருசி என் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கள் பழங்குடிச் சனம் அந்த வேட்டையை எப்போதோ நிறுத்திவிட்டது. பிறகு ராக்கி மலைச் சரிவில் வேலி கட்டிப் பட்டியும் போட்டது. வருடாவருடம் மார்ச் மாதம் சினைமான்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து விடுவார்கள். கன்று பிறந்து, ஓநாய்க்குத் தப்பி ஓடும் அளவுக்கு வளரும்வரை காவல். அந்தக் காவலர் என் எல்மர்.

ஏழு வருடமாக இதே கதை. அவள் தின்னும் பாசியை மரம் மரமாகப் பறித்து, ஊசியிலை நீக்கிச் சாக்கில் கட்டிக் கொடுப்பதும் நான்தான். வீட்டுக்கு வந்தாலும் மனிதர் வாயில் அவள் பேச்சுதான். தின்றாளா, படுத்தாளா, இளைத்தாளா. எனக்கு முட்டிவலி வந்து மூன்று மாதமாகியும் அவருக்குத் தெரியாது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

முப்பதாவது கல்யாண நாளுக்குக் கட்டாயம் இறங்கி வருவதாகச் சொன்னார். மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியை வாட்டி, ரொட்டி சுட்டுக் காத்திருந்தேன். வயர்லெஸ்ஸில் குரல்தான் வந்தது. நாற்பத்தேழு கன்று போட்டிருக்கிறாளாம், நகர முடியாதாம். அந்தக் குரலில் சந்தோஷம் வேறு.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். சண்டை போடத்தான். ஒரு வாரத் தாடியோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றார். சண்டையை விழுங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இன்னிக்கு நான் போய்த் தீனி போடறேன்யா. ஒரே ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன்."

காவலரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. தெரியும். கல்யாண நாளைச் சொல்லிக் காட்டி, அழுது, இணங்க வைத்தேன். தன் துவைக்காத கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். அந்த வாசனைதான் மான்களுக்குப் பழக்கம். உள்ளே வாயைத் திறக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

அவள் வந்தாள். பத்தடி தள்ளி நின்று மூக்கை நீட்டினாள். கோட்டை நம்பி இன்னும் இரண்டடி வைத்தாள். கன்று அவள் காலருகே ஆடி ஆடி நின்றது. என் புருஷனின் கோட்டை அவள் உரிமையோடு மோந்து பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான்தான்டி அந்தாளு பொண்டாட்டி."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் துள்ளித் திரும்பி ஓட, மற்ற மான்களும் மிரண்டு வேலியோரமாகப் பாய்ந்தன. அவை கடந்துபோன பிறகு கன்று மிதிபட்டுத் தரையில் கிடந்தது. எல்மர் ஓடிவந்து அதன் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை; துடிப்பு இல்லை. என்னைத் திட்டவுமில்லை.

சாயங்காலம் பட்டிப் பொறுப்பாளர் மார்லீன் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்மர் முந்திக்கொண்டார். உள்ளே பேசியது தான்தான் என்றார். அன்றே அவரைக் காவலிலிருந்து நீக்கினாள். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு என்னோடு மலையிறங்கினார்.

இப்போது வீட்டோடுதான் இருக்கிறார். என் சமையலைச் சாப்பிடுகிறார், என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார். எனக்காகப் பழியை ஏற்றாரே என்று நெஞ்சு நிறைந்து திரிந்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். அவர் வாயாலேயே அதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

"யாருக்காகய்யா அந்தப் பொய்யச் சொன்ன?"

கரண்டியைக் கீழே வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"வெளியாள உள்ள விட்டேன்னு தெரிஞ்சா பட்டியவே மூடிருவாங்க, ரோவீனா. அப்புறம் அடுத்த வருஷம் அவ எங்க போய்க் கன்னு போடுவா?"