பட்டனுக்காக அடித்த கற்பூரம்

பட்டன் சாப்பாட்டைத் தொட்டு மூன்று நாளாகியிருந்தது. முதல் நாள் மஞ்சளாக வாந்தி எடுத்தது. மறுநாள் வெறும் நுரை. மூன்றாம் நாள் எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லாமல் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற குட்டை நாய் அது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு குமாரவேலோடு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே உயிர். சங்கரா மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வாயருகே கொண்டுபோனான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

யார் செய்த வேலை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே, செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி தேசம்மா, அவள்தான். காசிமேட்டில் மீன் விற்கிறவள். காயவைத்த கருவாட்டைப் பட்டன் இழுத்துப்போனதற்காக, போன மாதம் குழாயடியில் நாலு பேர் காதுபட, "ஒரு நாளைக்கு அதுக்கு மருந்து வெச்சிடறேன் பாரு" என்றவள். சொன்னாள், வைத்துவிட்டாள். இதில் துப்பறிய என்ன இருக்கிறது? அண்ணன் இருந்த காலத்திலேயே இரண்டு பேருக்கும் ஆகாது. இப்போது ஒரே குழாய், ஒரே சாக்கடை, எதைத் தொட்டாலும் சண்டை.

வியாழக்கிழமை காலை நாயைத் துண்டில் சுற்றித் தேரடிப் பக்கம் டாக்டர் நவ்ரீனிடம் தூக்கிப்போனான். அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பட்டன் முனகியது.

"வாந்தி நிக்க ஊசி போட்டிருக்கேன். ஆனா காரணம் தெரியல. எக்ஸ்ரே எடுக்கணும், ரத்தம் பாக்கணும். இன்னிக்கே."

"காரணம் எனக்குத் தெரியும்மா. எங்க அண்ணி மருந்து வெச்சிக்கீறா."

"வெச்சதைப் பாத்தீங்களா?"

"அத்த வேற பாக்கணுமா?"

"விஷம்னா பெரும்பாலும் இவ்ளோ நாள் இழுக்காதுங்க. எக்ஸ்ரே எடுத்துடலாம்."

படித்த பெண்ணுக்குத் தேசம்மாவைப் பற்றி என்ன தெரியும்? அவன் நாயை வாங்கிக்கொண்டு நேராக ஊர்ப் பெரியவர் சண்முகவேல் வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் குப்பத்தில் இந்த மாதிரி வழக்குக்குப் போலீசுக்குப் போகமாட்டார்கள். பழி சுமந்தவர் எல்லையம்மன் எதிரே எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணிவிட்டால், குற்றம் சொன்னவன் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தேசம்மா பயந்துவிடுவாள், என்ன மருந்து என்று கக்கிவிடுவாள், டாக்டரம்மா மாற்று மருந்து கொடுப்பாள் என்று கணக்குப் போட்டான். பாவி, தன் கோபத்துக்கு எவ்வளவு அழகாக நியாயம் கண்டுபிடித்தான்.

மறுநாள் சாயங்காலம் என்று நாள் குறித்தார்கள். அதுவரை பட்டன் வலைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. தண்ணீர் குடித்தால் அதையும் வாந்தி எடுத்தது.

கோயிலில் கூட்டம். சண்முகவேல் இரண்டு வில்லைக் கற்பூரத்தைத் தரையில் வைத்தார்.

"இது பத்தாது நைனா. டப்பாவோட கொட்டு. உண்மையா பேசறவளுக்கு இன்னா பயம்?" என்றான் குமாரவேல்.

"நாய்க்கா இவ்ளோ?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். தேசம்மா அவளைக் கையமர்த்திவிட்டு, "கொட்டுங்க" என்றாள். குவியல் முழங்கால் உயரத்துக்கு எரிந்தது. "நான் அந்த நாய்க்கு ஒண்ணும் வெக்கல" என்றாள். பட்டென்று அடித்துக் கையை எடுத்துக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவள் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். நெருப்பு அணைகிறவரை அவன் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. தோல் கருகும் வாசனை வந்தது. அவனுக்கு அப்போதும் மனம் இளகவில்லை. எவ்வளவு அழுத்தக்காரி என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை காலை பட்டனால் எழுந்து நிற்க முடியவில்லை. கழுத்து துவண்டது. தூக்கிக்கொண்டு ஓடினான். நவ்ரீன் ஒன்றும் கேட்காமல் எக்ஸ்ரே எடுத்துப் படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். வயிற்றுக்குள் ஐந்து வெள்ளைப் பொட்டுகள்.

"என்ன வேலை பண்றீங்க?"

"வலை கட்றேன்."

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. பழைய வலையின் அடிக்கயிற்றிலிருந்து கழற்றுகிற ஈயக்குண்டுகளை அவன் கீழேதான் போடுவான். மீன் கவுச்சி ஊறிய குண்டுகள். பட்டன் அவற்றை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி உருட்டும். அவன் பார்த்துச் சிரித்திருக்கிறான். எப்படியும் துப்பிவிடும் என்றுதான் நினைத்திருந்தான்.

"ஈயம் ரத்தத்துல ஏறிடுச்சு. வியாழக்கிழமையே குண்டை வெளிய எடுத்திருக்கலாம்" என்றாள் நவ்ரீன். கோபத்தை மறைக்க அவள் முயலவில்லை.

காலில் ஏறிய குளுக்கோஸ் பாதிகூட இறங்கவில்லை. மதியத்துக்குள் பட்டன் செத்துப்போனது.

துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குள் நுழைந்தபோது தேசம்மா குழாயடியில் இருந்தாள். வலது கையில் கட்டு. இடது கையால் குடத்தை நகர்த்தத் திணறிக்கொண்டிருந்தாள். அந்தக் கையோடு மீன் வெட்ட முடியாது என்று அன்றைக்கு வியாபாரத்துக்கும் போகவில்லை.

"இன்னா சொன்னா டாக்டரு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் ஒரு பொய் வந்துகூட நின்றது.

"ஈயம். என் வலை ஈயம்" என்றான்.

அவள் சிரிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவள் குடம் நிரம்புவதைப் பார்த்தபடி பேசினாள்.

"அது செத்துத் தொலையணும்னு நான் நெனச்சது நெசந்தான். ஆனா வெக்கல. அத்தப் பொழைக்க வெக்க உனுக்கு ரெண்டு நாளு இருந்துச்சி குமாரு. அந்த ரெண்டு நாளும் நீ என் கையக் கொளுத்த ஓடிகினு இருந்த."

இருபது வருடமாக அவள் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொன்னவன், துண்டின் முனையை இழுத்துப் பட்டனின் முகத்தை மூடினான்.

"எடுத்துகினு போ. கொழாயண்ட வெச்சிகினு நிக்காத" என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டு போனான்.