வலது பாதி மட்டும்

என் கழுத்தில் இருந்தது என்னவென்று என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"சின்னக் கட்டிதாம்மா. கொழுப்பு," என்றான் மகன். கணவர் என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினார். ஊசி குத்தி உறிஞ்சி எடுத்த பரிசோதனையின் முடிவு மகனுடைய போனுக்குத்தான் போனது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னிடம் தேனாகப் பேசினார்கள். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். எது தாமதம், எது ரத்து என்று ஊருக்கே உடைத்துச் சொல்கிற வாய் இது. ரத்தான வண்டியைக் கொஞ்சம் ஓய்வெடுக்கிறது என்று சொன்னால் பயணிகள் சும்மா விடுவார்களா? வீட்டில் எனக்கு அந்த மரியாதைகூட இல்லை.

சர்ஜன் இளம்பெண். அறைக்குள் போனதும் மகனைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள். பாப்பிலரி, டோட்டல் தைராய்டெக்டமி என்று என்னென்னவோ சொன்னாள். அவனும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி மண்டையை ஆட்டினான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"டாக்டர், கழுத்து என்னோடது. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"அம்மா, நீ டென்ஷன் ஆகாத."

"ஆகியாச்சு. நீ வாயை மூடு."

சர்ஜன் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். கெட்டிக்காரி. "இது புற்றுநோய்ம்மா. பாப்பிலரின்னு ஒரு வகை. பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும்."

பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எதிரி யாரென்று தெரிந்ததில் ஒரு தெம்பும் வந்தது.

"அந்தத் தைராய்டெக்டமின்னா?"

"தைராய்டு சுரப்பியை எடுக்கிறது. டோட்டல்னா முழுசா. லோபெக்டமின்னா ஒரு பாதி மட்டும்."

"எனக்கு எது?"

அவள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். "முழுசா எடுத்துடச் சொல்லி இவர் முன்னாடியே கேட்டுக்கிட்டார். ஸ்கேன்ல கட்டி சின்னதா, வலது பக்கம் மட்டும்தான் இருக்கு. பாதி எடுத்தாலும் போதும். ஆனா பின்னாடி இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்."

"என் குரல்?"

"குரலுக்கான நரம்பு ரெண்டு பக்கமும் சுரப்பியை ஒட்டியே ஓடுது. பாதி எடுத்தா ஒரு பக்க நரம்புக்குத்தான் ஆபத்து. முழுசுன்னா ரெண்டுக்கும்."

"அப்ப பாதி."

"உயிரை விடக் குரல் பெருசாம்மா?" என்று மகன் குரலை உயர்த்தினான்.

"ரெண்டும் என்னோடதுடா. நான் பார்த்துக்கறேன்."

வீடு வரும் வரை காரில் முழுசாகவே எடுத்துவிடலாம் என்று மகன் கெஞ்சிக்கொண்டே வந்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் என்னைப் படுக்கவைத்து, தலைமை நர்ஸ் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்? நீங்கதான் சொல்லணும், இங்க அதுதான் வழக்கம். பாதிப் பேர் பையனைக் கேளுங்கன்னு சொல்லிடுவாங்க," என்று சிரித்தார்.

"லோபெக்டமி. வலது பக்கம்."

சிரிப்பு நின்றது. கையில் இருந்த தாளைப் பார்த்தார். "இங்க டோட்டல்னு இருக்கே. நீங்க மாத்திச் சொல்றீங்களோ?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும் என் குரலில் சொன்னேன்: "சர்ஜன் நேர்ல வந்து சொல்ற வரைக்கும் எனக்கு மயக்க மருந்து வேண்டாம்."

அவரும் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் ஆளனுப்பினார். சர்ஜன் விறுவிறுவென்று வந்தாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "மன்னிச்சிடுங்கம்மா. முதல்ல எழுதினதை நான் மாத்தச் சொல்லவே இல்லை. தப்பு என்னோடது." தாளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டாள். என் கழுத்தின் வலது பக்கம் பேனாவால் குறியிட்டாள்.

"இப்பப் போடுங்க மருந்தை," என்று படுத்துக்கொண்டேன்.

விழித்தபோது தொண்டைக்குள் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. சர்ஜன் குனிந்து, "பாதிதான் எடுத்திருக்கு. ஏதாவது பேசுங்க," என்றாள். வாயைத் திறக்கவே பயந்தேன். திறந்து, காற்று மட்டும் வந்தால்?

"தண்ணி," என்றேன்.

கரகரப்புதான். ஆனால் என் குரல். தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

மாலையில் மகன் வந்து கட்டிலருகே நின்றான். "அந்தக் கட்டி போயிடுச்சாம்மா," என்றான்.

"அதுக்குப் பேர் இருக்கு. சொல்லு."

"எதுக்கும்மா இப்ப..."

"சொல்லுடா."

இத்தனை நாள் அவன் வாயில் வராத வார்த்தை. "புற்றுநோய்," என்றான். சொன்ன வேகத்தில் என் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பாவம், எனக்கும் சேர்த்து அவன் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "யாருக்கு?"

"உனக்கும்மா."

"அப்ப இனிமே எனக்குத்தான் முதல்ல சொல்லணும்."