இசாவோ தொடக் கூடாத ரைபிள்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. வேட்டைக்காரி ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று என் தோழி கயோவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். "புது ரைபிள் வந்துடுச்சு. ஸ்கோப் மாட்டப் போறேன், வந்து பாரு" என்றாள். போனேன். ஆனால் அங்கே கதையாக உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் இசாவோ.

முதல் தொடக்கம்: 'கிழக்கு ஹொக்கைடோவின் புல்வெளிகளில் பனிக்கு முந்தைய காலையில் மான்கள்...' [வேண்டாம். இதில் மான் சாகப் போவதில்லை.]

இரண்டாம் தொடக்கம்: 'இசாவோ எங்கள் பக்கத்தில் பேர்போன வேட்டைக்காரர். பக்கவாதத்திலிருந்து பிழைத்தார், வலக்கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. உரிமத்தைத் தானே திருப்பிக் கொடுத்தார்.'

இது இருக்கட்டும்.

2

(இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். ஆனால் கதையே இதன்மேல்தான் நிற்கிறது.) இங்கே ஜப்பானில் துப்பாக்கி யார் பேரில் இருக்கிறதோ அவர் மட்டுமே அதைத் தொடலாம். புருஷன் பெண்டாட்டி என்றெல்லாம் சலுகை கிடையாது. கயோ பத்து வருடம் ஷாட்கன் வைத்திருந்த பிறகே ரைபிளுக்கு அனுமதி வாங்கினாள். ஒரு தப்பு நடந்தால் எல்லாம் போய்விடும். அப்புறம் தங்கள் பால்பண்ணை மாடுகளுக்கென்று விட்ட புல்லை மான்கள் மேய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

ஆக அந்த அறையில் மூன்று பேர். தொடலாம் என்ற உரிமை ஒருத்திக்கு.

3

ரைபிள் மேசைமேல், அரிசிப் பையில் சாய்ந்து கிடந்தது. எண்ணெய் வாசம். வால்நட் கட்டை. நான் நினைத்ததைவிட மெலிந்த குழல்.

"எப்படி இருக்கு?" என்று கயோவைக் கேட்டேன்.

"கனமா இருக்கு. புது மாடு மாதிரி, இன்னும் என்னைத் தெரியல அதுக்கு."

இசாவோ கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் சப்போரோவுக்குப் போய் வெகுகாலமாகியும் இருவரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அம்மா, ஸ்குரூவுல எண்ணெய் இருக்கு. தொடைச்சிடு."

"தொடச்சாச்சு, அப்பா."

"சரியா தொடைக்கல. நாலு தடவ சுட்டா ஸ்கோப் ஆடும். அப்புறம் மான் உன்னப் பாத்து சிரிக்கும்."

"இங்க ஏற்கெனவே ஒருத்தர் சிரிச்சிட்டுதான் இருக்கார்."

[இந்த இடத்தில் எனக்கு இசாவோமேல் சந்தேகம் வந்தது. துப்பாக்கியை இழந்த வேட்டைக்காரர் என்றால் ஜன்னல் வழியே தொலைவை வெறித்துப் பார்ப்பார் என்று எழுதி வைத்திருந்தேன். இவரோ ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வெறித்துப் பார்க்கும் வரியை அடித்துவிட்டேன்.]

ஜன்னலில் ஒரு நூலைத் தொங்கவிட்டு நுனியில் நட்டு ஒன்றைக் கட்டியிருந்தாள் கயோ. குறிபார்க்கும் ஸ்கோப்புக்குள் தெரியும் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். கண்ணை வைத்தாள்.

"சாஞ்சிருக்கு" என்றார் இசாவோ.

"நீங்க பாக்கவே இல்லையே!"

"உன் கழுத்து சாஞ்சிருக்கு. அப்ப கோடும் சாஞ்சுதான் இருக்கும்."

அவர் சொன்னதுதான் சரி. வளையங்களைத் தளர்த்தித் திருப்பினாள். பிறகு குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள்ளே பார்த்து, தூரத்துக் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளுக்கு நேராகக் குழலை நிறுத்தினாள். ஸ்கோப்பையும் அதே தாழ்ப்பாளுக்குக் கொண்டுவந்தாள். கடைசி ஸ்குரூவை முடுக்கும்போது அது நழுவி உருண்டது. கயோ மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள்.

அரிசிப் பை சரிந்தது. ரைபிள் விளிம்பைத் தாண்டியது.

4

முதல் வடிவம்: ரைபிள் தரையில் விழுந்தது. கட்டையில் கீறல். கயோ அழுதாள்.

இரண்டாம் வடிவம்: கயோ பாய்ந்து பிடித்தாள்.

மூன்றாம் வடிவம்: இசாவோவின் வலக்கை நீண்டது. பிடித்த அந்தக் கை, ஒரு துளிகூட நடுங்கா

[நிறுத்திவிட்டேன்.]

5

எழுதியதைக் கயோவிடம் ஜப்பானிய மொழியில் சொல்லிக் காட்டினேன். பால் கறக்கும் கொட்டகையில், மாடுகளுக்கு நடுவே. மூன்றையும் கேட்டாள்.

"எதுல அவர் நல்லா இருக்கார்?"

"மூணாவதுல."

"நீயும் அங்கதானே இருந்த?"

"இருந்தேன்."

மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு ராத்திரி ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் தடவை." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மூணாவத மட்டும் எழுதாத."

6

அடுத்த வாரம் சுடுதளத்தில் கயோ சுட்ட ஓட்டைகளை ஒரு காசால் மூடிவிடலாம். பின்னால் நாற்காலியில் இருந்த இசாவோ, "சுமார்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

ரைபிளை அருகில் பார்த்தேன். கட்டையில் கீறல் இல்லை. ஆகவே முதல் வடிவம் பொய். இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நொடியில் கயோ மேசைக்கு அடியில் இருந்தாள் என்று மேலே எழுதிவிட்டேன். அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குத் துப்பாக்கிச் சோதனைக்குப் போலீஸ் யாரும் வரப்போவதில்லை.