வானத்தில் இருக்கும் நேரம்

விமான டிக்கெட் போடும் அந்தக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிக்கொடுத்துவிட்டார். "எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா, வானத்துல இருக்கற நேரத்தை மட்டும் சொல்லும்மா. தரையில படற பாட்டையும் சேர்த்துச் சொன்னா எவனும் வீட்டை விட்டே கிளம்ப மாட்டான்."

அன்று சிரித்தாள். நாளடைவில் அதுவே வாய்க்குப் பழகிப்போனது. எந்த ஊரைக் கேட்டாலும், திரையைப் பார்க்காமலே தூரமும் நேரமும் வந்து விழும்.

தம்பி போன் செய்த காலையிலும் அப்படித்தான் வந்து விழுந்தது.

"அக்கா, அப்பாவுக்கு வலி தாங்கலை. ஊசி போட்டாத் தூங்கிடுவாராம். அப்புறம் முழிக்கறது சந்தேகம்கறாரு டாக்டர். நீ வர எவ்வளவு நேரமாகும்?"

"நாலு மணி நேரம்."

அவன் அதை உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு அப்பாவின் குரல், எங்கோ ஆழத்திலிருந்து. "அவ வரட்டும். அதுவரைக்கும் ஊசி வேண்டாம்."

முதலாளியே அடுத்த விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். விமான நிலையம் போகும் வழியில், பாலத்தின் மேல் நெரிசலில் கார் ஊர்ந்தது. விமான நிலையச் சோதனையில், செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கும்போதுதான், தம்பியிடம் சொன்னது வானத்து நேரம் என்று அவளுக்கு உறைத்தது. அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. தரை சில்லென்றிருந்தது. அது மட்டும் தெரிந்தது.

விமானம் தாமதம் என்றார்கள். தம்பிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் ஊசி போட்டுவிடுவார்கள். அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கப்போவதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஒருவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தம்பியே கூப்பிட்டான். "எங்கக்கா இருக்கே? காலடிச் சத்தம் கேட்டாலே கதவைப் பார்க்கறாரு."

"இன்னும் ஏறவே இல்லடா."

"நாலு மணி நேரம்னியே?"

"அது பறக்கற நேரம்."

அவன் திட்டியிருந்தால் தேவலை. அவனுக்குப் பின்னால், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. நெடுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போனை அவர் காதுல வை."

"சிட்டு... வந்துட்டியா?"

"வாசல்லதாம்பா இருக்கேன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரேன். நீங்க ஊசி போட்டுக்குங்க."

"செருப்பைக் கழட்டறதுக்கு உனக்கு ஒரு யுகம் வேணும்," என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "சரி, போடச் சொல்லு."

தம்பி போனை வாங்கினான். ஏதோ உலோகத் தட்டு நகரும் ஓசை வந்தது. பிறகு முனகல் நின்றது.

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் மாட்டிவிட்டாள். சக்கரங்கள் தரையை விட்டன.

"போய்ச் சேர எவ்வளவு நேரம்மா?"

"நாலு மணி நேரம்."

"அவ்வளவுதானா!" என்று பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.